அண்ணி சிறையில், இரண்டரை வயது மருமகனும் அவருடன். வெளியே கொண்டு வந்துவிடலாமா?

கீழத்தெரு அத்தை | செவ்வாய், இரவு 10.42

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணி எங்கள் ஊரில் தீபாவளிச் சீட்டுக்கு வீடு வீடாகப் போய்ப் பணம் வசூலித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நூற்றுக்கு இவ்வளவு என்று கமிஷன். சீட்டு நடத்தியவர் ஆடி மாதம் கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பணம் கட்டிய சனங்களுக்குத் தெரிந்த முகம் அண்ணியின் முகம் மட்டும்தான். புகார், கைது, ரிமாண்ட் என்று எல்லாம் ஒரே நாளில் நடந்து முடிந்தது. பெண்கள் சிறைக்கு அவர் போனபோது இடுப்பில் என் மருமகனும் போனான். இன்னும் தாய்ப்பால் மறக்காத பிள்ளை. அண்ணனுக்குக் கப்பலில் வேலை. ஒப்பந்தம் முடியாமல் இறங்க முடியாது என்கிறார்.

போன சனிக்கிழமை சிறைக்குப் போய், பார்வையாளர் மனு போட்டு இருவரையும் பார்த்தேன். வலைக்கு அந்தப் பக்கம் அண்ணி நின்றார். பிள்ளை என்னைப் பார்த்து அழவும் இல்லை, தாவவும் இல்லை. "உட்கார்" என்றான். நான் குனிந்ததும் விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தான். பதினொன்று வரை பிசகாமல் எண்ணினான். வீட்டில் இருந்தபோது மூன்றுக்கு மேல் வராது. "எங்கள் அறையில் பதினொரு பேர், காலையும் மாலையும் எண்ணுவார்கள்" என்று அண்ணி சொன்னார்.

அம்மா ஒரே பிடியாக நிற்கிறார்: "பாவம் பண்ணாத பிள்ளை எதற்கு உள்ளே கிடக்க வேண்டும்? போய்த் தூக்கிக்கொண்டு வா." சித்தி, தாயைப் பிரித்தால் பிள்ளை ஏங்கிவிடும் என்கிறார். அண்ணியைக் கேட்டேன். "ராத்திரியில் கொசுதான் தாங்க முடியவில்லை" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

கொண்டு வரலாமா, வேண்டாமா? உள்ளே இருக்கும் வரை அவனுக்கு என்னென்ன கிடைக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வாய்தா வக்கீல் | செவ்வாய், இரவு 11.20

சகோதரி, உங்கள் மருமகன் கைதி இல்லை. முதலில் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வாசலில் நிற்பவர்கள் முதற்கொண்டு பலருக்கும் இது மறந்துவிடுகிறது.

ஆர். டி. உபாத்யாய் எதிர் ஆந்திரப் பிரதேச அரசு என்ற வழக்கில் தலைமை நீதிபதி ஒய். கே. சபர்வால் இருந்த உச்ச நீதிமன்ற அமர்வு 2006 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பளித்தது. தாயோடு சிறையில் இருக்கும் குழந்தையை விசாரணைக் கைதியாகவோ தண்டனைக் கைதியாகவோ நடத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது. உணவு, உடை, உறைவிடம், மருத்துவம், கல்வி, விளையாட்டு எல்லாம் அந்தக் குழந்தைக்கு உரிமை, சலுகை அல்ல. 6 வயது முடியும் வரை தாயுடன் இருக்கலாம். அதன்பின் தாய் சொல்லும் ஆளிடமோ சமூக நலத் துறையின் இல்லத்திலோ ஒப்படைக்க வேண்டும். இல்லம் முடிந்த வரை அதே ஊரில் இருக்க வேண்டும், வாரம் ஒரு முறையாவது தாயைப் பார்க்க விட வேண்டும். 3 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் காப்பகம், அதற்கு மேல் பாலர் பள்ளி. இரண்டையும் கூடுமான வரை மதிலுக்கு வெளியே நடத்தச் சொல்கிறது தீர்ப்பு. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போட்டுக் கொடுத்த உணவு அளவும் அதில் உண்டு. நாளொன்றுக்குப் பால் மட்டும் 500 மில்லி லிட்டர். குழந்தைக்கு ஊட்டத் தனிப் பாத்திரம் தர வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் எனக்கு இரண்டு விவரம் வேண்டும். ரிமாண்ட் ஆன தேதி என்ன? எஃப்.ஐ.ஆரில் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள்?

---

கணக்குப்பிள்ளை | புதன், காலை 6.05

யாரும் எழுதாததை நான் எழுதிவிடுகிறேன். நானும் ஒரு சீட்டில் 36,000 ரூபாய் இழந்தவன். என் மகளின் கல்லூரிக் கட்டணம் அது. வாங்கிக்கொண்டு போனவளுக்கும் கைக்குழந்தை இருந்தது. நாங்கள் கேட்கப் போகும்போதெல்லாம் குழந்தையைக் கிள்ளி அழவிடுவாள். குழந்தையைக் காட்டி ஜாமீன், குழந்தையைக் காட்டி அனுதாபம் என்றால் ஏமாந்தவனின் குழந்தைக்கு எந்தத் தீர்ப்பில் அரை லிட்டர் பால் எழுதியிருக்கிறது?

---

ஓய்வுபெற்ற வார்டர் | புதன், காலை 9.48

31 வருடம் காக்கி உடுத்தியவள் நான். எந்தச் சிறை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் பிள்ளையைக் கிள்ளியது அவள், பிள்ளை யாரையும் கிள்ளவில்லை.

வக்கீல் சொன்ன அரை லிட்டர் பாலை வைத்தே சொல்கிறேன். நான் இருந்த இடத்தில் பால் அளவு குறையாமல் வரும், யாரும் திருடியதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் காலை ஆறரைக்கு ஒரே தடவையாக வரும். பிளாக்கில் நெருப்பு கூடாது, ஆகவே அடுப்பு கிடையாது. குளிர்பதனப் பெட்டியும் கிடையாது. சித்திரை வெயிலில் பத்து மணிக்கே திரிந்துவிடும். தாய்மார்கள் என்ன செய்வார்கள்? காலையிலேயே முடிந்த மட்டும் பிள்ளைக்குப் புகட்டிவிட்டு, மிஞ்சியதைப் பிள்ளை இல்லாதவர்களிடம் கொடுத்துச் சோப்பு வாங்கிக்கொள்வார்கள். ஆய்வுக்கு வந்த ஒருவர், "தாயே குழந்தையின் பாலை விற்கிறாள்" என்று குறிப்பு எழுதிவிட்டுப் போனார். பால் உரிமை என்று தீர்ப்பில் இருக்கிறது. அதைக் காய்ச்ச அடுப்பு வேண்டும் என்பது ஒரு தாளிலும் இல்லை.

உள்ளே வளரும் பிள்ளை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் கேளுங்கள். சிறைவாசிகள் எங்களை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவள் என்னை அம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கேட்டு ஒரு பெண் பிள்ளை என்னைப் பாட்டி என்றது. அதன் கணக்கில் தப்பே இல்லை. எனக்கு அப்போது வயது 34. இன்னொன்று, ஆண் குரல் கேட்டால் மிரளும். மருத்துவர் ஆணாக வந்துவிட்டால் ஊசியை எடுப்பதற்கு முன்பே வீல் என்று கத்தும். மாலை அடைப்பு நேரம் வந்தால் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை தானாகவே உள்ளே ஓடிவிடும். புதிதாக வந்தவர்கள்தான் தயங்கி நிற்பார்கள். அவர்களைப் பிள்ளை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது ஆறாவது பிறந்தநாள். வெளியே பிள்ளைக்கு எப்போது வயது ஏறும் என்று காத்திருப்பார்கள். உள்ளே குறைத்துச் சொல்வார்கள். ஒருத்தி மகனின் வயதை ஏழு மாதம் குறைத்துப் பதிந்திருந்தாள். எனக்குத் தெரியும், ஏனென்றால் அவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. விழுந்த பல்லை அவள் சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். சோதனையின்போது முடிச்சை அவிழ்க்கச் சொன்னேன், பார்த்தேன், திரும்ப முடியச் சொன்னேன். அதைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. எழுதாதது குற்றம் என்றால் குற்றம்தான்.

கீழத்தெரு அம்மா, பால் மறக்காத பிள்ளையைத் திடீரென்று பிரிக்காதீர்கள். என் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சிறை எது, வீடு எது என்று தெரியாது. தாய் இருக்கிறாளா, இல்லையா என்பது மட்டும் தெரியும்.

---

பால்வாடி டீச்சர் | புதன், மதியம் 1.15

வார்டர் அம்மாவின் கடைசி வரியோடு மட்டும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. இரண்டு வயதுக்குத் தெரியாது, சரி. மூன்றரை வயதுக்கு நன்றாகத் தெரியும். பேச்சு, விளையாட்டு, பயம் எல்லாம் உருவாவது அந்த வயதில்தான். பதினொரு பெரியவர்களுக்கு நடுவில் ஒரே பிள்ளையாக இருப்பது அதற்கு ஏற்ற இடமில்லை.

ஒன்று உள்ளே அல்லது வெளியே என்று ஏன் பேசுகிறீர்கள்? காலையில் வெளியே இருக்கும் அங்கன்வாடிக்கு வந்துவிட்டு, சாயங்காலம் தாயிடம் திரும்பலாமே. வக்கீல் சொன்ன தீர்ப்பிலும் அதற்குத்தானே இடம் இருக்கிறது? கூட்டிக்கொண்டு வர ஒரு ஆள், ஒரு ஆட்டோ, ஒரு கையெழுத்து. இவ்வளவுதான் தேவை. என் அனுபவத்தில் முதல் இரண்டும் சுலபமாகக் கிடைத்துவிடும்.

---

செம்பருத்தி | புதன், மாலை 4.30

இதுவரை இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுதுகிறேன்.

நான் 14 மாதம் உள்ளே இருந்தவள். போகும்போது ஐந்து மாதக் கர்ப்பம். வழக்கிலிருந்து விடுதலையாகிவிட்டேன், ஆனால் அது மூன்று வருடம் கழித்து. மகள் அரசு மருத்துவமனையில் பிறந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் வழிக்காவல் போலீஸ் இரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் சர்க்கரைத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

பிறப்புச் சான்றிதழைப் பற்றிச் சொல்லவே வந்தேன். அதில் பெற்றோரின் முகவரி என்ற இடத்தில் சிறையின் பெயரை எழுதிவிட்டார்கள். எனக்கு அது அப்போது தெரியாது. பள்ளியில் சேர்க்கப் போன அன்றுதான் தெரிந்தது. எழுத்தர் படிவத்தை வைத்துக்கொண்டு முகவரியைச் சத்தமாக வாசித்தார். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர். வாசித்து முடித்ததும் அவருக்கே புரிந்து குரல் தாழ்ந்தது. என் மகள் மட்டும் "அது எங்கே அம்மா இருக்கிறது?" என்று கேட்டாள்.

வக்கீல் சார், அதை மாற்ற வழி உண்டா? நான் அன்றைக்கு அந்தப் பள்ளியிலிருந்து திரும்பிவிட்டேன்.

---

வாய்தா வக்கீல் | புதன், மாலை 5.02

உண்டு, அம்மா. கட்டாயம் மாற்றலாம். சிறையில் பிறப்பு நடந்தால் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டியவர் பொறுப்பில் இருக்கும் ஜெயிலர். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 8ஆவது பிரிவு அது. ஆனால் 2006 தீர்ப்பு மிகத் தெளிவாகச் சொல்கிறது: பிறந்த இடம் சிறை என்று பதியக் கூடாது, அந்தப் பகுதியின் முகவரியை மட்டும் எழுத வேண்டும். உங்களுடையது பெற்றோர் முகவரிக் கட்டம் என்றாலும் அதே நியாயம்தான் பொருந்தும். தீர்ப்பின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து இணைத்து, திருத்தம் கேட்டுப் பதிவாளரிடம் மனுக் கொடுங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் எழுத்தில் மறுக்க மாட்டார்கள்.

கீழத்தெரு சகோதரி, நான் கேட்ட தேதி இன்னும் வரவில்லை.

---

புனே தமிழச்சி | புதன், இரவு 8.40

வட மாநிலச் சிறை ஒன்றில் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே நாலு வயதுப் பையன் ஒருவன் "மே(ன்) ஜாத்தீ ஹூ(ன்)" என்பான். இந்தி தெரிந்தவர்களுக்குப் புரியும், அது பெண் பேசும் பேச்சு. பையன் "ஜாத்தா" என்று சொல்ல வேண்டும். சொல்லித்தர அங்கே ஆணே இல்லையே! உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் எடுத்துக்காட்டியிருக்கும் ஆய்விலும் இதைப் பார்த்தேன்: ஆண் குழந்தைகள் பெண்பாலில் பேசத் தொடங்குகிறார்கள், தெருவில் மாட்டையோ நாயையோ கண்டால் மிரள்கிறார்கள்.

தமிழில் "நான் போகிறேன்" என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஆகவே நம் ஊர்ச் சிறையில் வளரும் பையனின் பேச்சில் இந்தக் குறை தெரியாது. தெரியாது என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. கீழத்தெரு அத்தை, உங்கள் மருமகன் "அப்பா" என்ற சொல்லை என்ன செய்கிறான் என்று அடுத்த மனுவில் கவனித்துப் பாருங்கள்.

---

இலண்டன் மயில் | வியாழன், அதிகாலை 3.10

இங்கே இங்கிலாந்தில் தாய்-சேய் பிரிவு என்று சிறைக்குள் தனிப் பகுதி உண்டு. பொதுவாக 18 மாதம் வரைக்கும் பிள்ளையை வைத்திருக்கலாம், அதற்குப் பிறகு பிரித்துவிடுவார்கள். வசதி என்று பார்த்தால் தொட்டிலும் விளையாட்டுச் சாமானும் காணும். ஆனபடியால் இங்கே எல்லாம் திறம் என்று நினைக்க வேண்டாம். 2019 செப்டம்பரில் பிரோன்ஸ்ஃபீல்ட் சிறையில் 18 வயதுப் பெண் ஒருத்தி இரவில் தன் அறையில் தனியாகப் பிள்ளை பெற்றாள். உதவிக்கு மணி அடித்தும் ஒருவரும் வரவில்லை. பிள்ளை இறந்துபோனது. அந்தச் செய்தியை வாசித்த கிழமை முழுக்க எனக்கு நித்திரை இல்லை.

ஐக்கிய நாடுகள் சபை 2010இல் நிறைவேற்றிய பாங்காக் விதிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். சிறையில் தாயோடு இருக்கும் பிள்ளையை ஒருபோதும் கைதியாக நடத்தக் கூடாது என்பது 49ஆம் விதி. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளைப் பார்க்கும் தாய்மாருக்கும் கூடிய வரை சிறை அல்லாத தண்டனையே கொடுக்க வேண்டும் என்பது 64ஆம் விதி. எல்லாரும் முதலாவதைப் பற்றியே கதைக்கிறோம். எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது.

---

நூலகப் பூனை | வியாழன், காலை 7.55

மயில் அக்கா சொன்ன இரண்டாவதைச் செய்து காட்டிய நாடுகள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா பதவியேற்ற 1994ஆம் ஆண்டு, 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் தாய்மார்களில் கொடுங்குற்றம் செய்யாதவர்களுக்குத் தண்டனையின் மிச்சத்தைத் தள்ளுபடி செய்தார். "அப்பாக்களுக்கு ஏன் இல்லை?" என்று ஒரு தந்தை வழக்குப் போட்டு அது அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. மண்டேலா பக்கமே தீர்ப்பானது. பிரேசில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் ஒரே உத்தரவில், விசாரணைக் காவலில் இருக்கும் கர்ப்பிணிகளையும் 12 வயது வரை குழந்தை உள்ள தாய்மார்களையும் வீட்டுக் காவலுக்கு மாற்றச் சொன்னது. வன்முறைக் குற்றங்களுக்கும் சொந்தப் பிள்ளைக்கு எதிரான குற்றங்களுக்கும் விலக்கு உண்டு.

நம் பக்கத்துக் கதையையும் மறக்க வேண்டாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991இல் கர்ப்பிணியாகக் கைதான நளினிக்குக் காவலில் இருக்கும்போதுதான் மகள் பிறந்தாள். 2000இல் அவருடைய தூக்குத் தண்டனை ஆயுளாகக் குறைந்தபோது அந்தக் குழந்தையும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. மகளின் கல்யாண வேலைக்கு என்று 2019இல் பரோலில் வந்தார். நடுவே எத்தனை வருடம்!

---

மட்டுறுத்துநர் | வியாழன், காலை 10.20

கடைசிப் பதிவைத் தொடர்ந்து வந்த ஏழு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். அந்த வழக்கை விவாதிக்க வேறு இழைகள் இருக்கின்றன. இங்கே பேச்சு குழந்தைகளைப் பற்றியது. கீழத்தெரு அத்தையின் ஊரை ஊகித்து எழுதிய பதிவையும் எடுத்துவிட்டேன். இனி அப்படிச் செய்தால் எழுதும் உரிமை பறிக்கப்படும்.

---

கீழத்தெரு அத்தை | வியாழன், இரவு 9.15

எல்லோரையும் வாசித்தேன். செம்பருத்தி அக்கா, உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

வக்கீல் சார், பதில் தாமதமானதற்கு உண்மையான காரணம் வெட்கம். ரிமாண்ட் ஆகி இன்றோடு 68 நாள். பிரிவு 318(4) என்று தாளில் இருக்கிறது. ஜாமீன் மனு இதுவரை நாங்கள் போடவே இல்லை. பணம் கட்டியவர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். "கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும், ஊர் அடங்கட்டும்" என்று அண்ணன் கப்பலிலிருந்து சொன்னார். அம்மாவும் தலையாட்டினார், நானும் தலையாட்டினேன். பிள்ளையை மட்டும் எப்படி வெளியே எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தோமே தவிர, அண்ணியை எடுப்பதைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

---

வாய்தா வக்கீல் | வியாழன், இரவு 9.31

இதைக் கேட்கத்தான் மூன்று நாளாகக் காத்திருக்கிறேன். பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, கவனமாக வாசியுங்கள்.

318(4) மோசடிக்கு அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டு. வேறு பெரிய பிரிவு சேர்க்கப்படவில்லை என்றால் 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது உங்கள் அண்ணியின் உரிமை, நீதிபதியின் தயவு அல்ல. புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 187(3). ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். நீங்கள் மனுப் போடுவதற்கு முன்னால் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். அப்படிப் போனாலும் பெண் என்ற காரணத்தைக் காட்டி 480ஆம் பிரிவில் வழக்கமான ஜாமீன் கேட்கலாம். நாளைக் காலை முதல் வேலையாக நீதிமன்ற அலுவலகத்தில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டதா என்று பாருங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும், 1987ஆம் ஆண்டுச் சட்டம் அது. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். தொலைபேசியில் 15100. அந்த 2006 தீர்ப்பில் இன்னொரு உத்தரவும் உண்டு: குழந்தையோடு சிறையில் இருக்கும் பெண்களின் வழக்குகளுக்கு நீதிமன்றங்கள் முன்னுரிமை தந்து விரைவாக முடிக்க வேண்டும். மனுவில் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

இந்த இழை முழுக்கப் பால், பள்ளி, பல் என்று பேசினோம். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். நாடு முழுக்க 1,650 பெண்கள் 1,867 குழந்தைகளோடு சிறையில் இருந்தார்கள். அவர்களில் 1,418 பேர் விசாரணைக் கைதிகள், அவர்களோடு 1,601 குழந்தைகள். அதாவது நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் தாய்மார்கள் குற்றவாளி என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அந்தக் குழந்தைகளுக்குக் காப்பகம் கட்டுவதைவிட, தாயின் மனுவை அடுத்த வாய்தாவுக்குத் தள்ளாமல் இருப்பது மலிவு. நீதிமன்றத்தில் 23 வருடமாகக் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறேன். "குழந்தைக்கு நல்ல சூழல் வேண்டும்" என்று எல்லோரும் பேசுவார்கள். ஜாமீன்தாரர் இருவரைக் கொண்டு வா என்றால் ஒரு சொந்தக்காரரும் வர மாட்டார்.

---

கணக்குப்பிள்ளை | வியாழன், இரவு 10.50

என் வழக்கிலும் அவள் இப்படித்தான் வெளியே வந்தாள், 60 நாள் கணக்கில். பணம் இன்றுவரை வரவில்லை. போலீஸ் நேரத்துக்குக் குற்றப்பத்திரிகை போடாததற்கு நான் யாரைத் திட்டுவது என்று இப்போதுதான் தெரிகிறது.

கீழத்தெரு அம்மா, கமிஷன் வாங்கியவர்தானே உங்கள் அண்ணி? வசூல் நோட்டு வீட்டில் இருந்தால் எரித்துவிடாதீர்கள். முதலாளியிடம் பணம் போனதற்கு அதுதான் சாட்சி. எங்களைப் போன்றவர்களுக்கும் அதுதான் வேண்டும்.

---

ஓய்வுபெற்ற வார்டர் | வெள்ளி, காலை 6.20

ஜாமீன் உத்தரவு வந்தாலும் அன்றைக்கே விட்டுவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். உத்தரவு சிறைக்கு வந்து சேர வேண்டும். மாலை அடைப்புக்குப் பிறகு வந்தால் மறுநாள்தான். வெள்ளிக்கிழமை மாலை என்றால் சொல்லவே வேண்டாம். வரும்போது பிள்ளைக்கு ஒரு செருப்பு கொண்டு போங்கள். உள்ளே போனபோது போட்டிருந்தது இப்போது பத்தாது.

---

கீழத்தெரு அத்தை | ஒன்பது நாள் கழித்து, ஞாயிறு, மதியம் 2.05

நேற்று இருவரும் வீட்டுக்கு வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நான் போய்ப் பார்த்தபோது குற்றப்பத்திரிகை வந்திருக்கவில்லை. இலவச வக்கீல் ஒரு இளம் பெண். அன்று மதியமே மனுத் தாக்கல் செய்துவிட்டார். ஜாமீன்தாரர் கிடைக்கத்தான் ஒரு வாரம் ஆனது. சித்தப்பா கையை விரித்தார். கடைசியில் அம்மா வேலை பார்த்த பள்ளியின் ஆயாவும், எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுபவரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். வசூல் நோட்டு பத்திரமாக இருக்கிறது, கணக்குப்பிள்ளை ஐயா. நகல் வக்கீலிடம் கொடுத்தாயிற்று.

செருப்பு பெரிதாகப் போய்விட்டது, வார்டர் அம்மா. பரவாயில்லை, அதையே போட்டுக்கொண்டு இழுத்து இழுத்து நடக்கிறான். தெருவில் மாட்டைப் பார்த்து மிரளவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று இருமியதற்குத்தான் அம்மாவின் சேலைக்குள் போய் ஒளிந்தான். புனே அக்கா, "அப்பா" என்று கைப்பேசித் திரையைத் தொட்டுச் சொல்கிறான்.

நேற்று விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் எல்லோரையும் கூடத்தில் உட்காரச் சொன்னான். அம்மா, அண்ணி, நான், அவன். நாலு வந்ததும் நிறுத்தவில்லை. வாசலுக்குப் போய்ப் பார்த்தான், திரும்பி வந்தான், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். அண்ணி அவனை மடியில் போட்டுக்கொண்டு, மிச்ச ஏழு பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் தூங்கிவிட்டான்.

ஒரு சந்தேகம் கேட்க வேண்டும், வக்கீல் சார். தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. இரண்டு பஸ் மாற வேண்டும். இவன் விட்டுவிட்டுப் போக விட மாட்டேன் என்கிறான். தூக்கிக்கொண்டுதான் போகிறார். இதை மாற்ற முடியுமா?

---

வாய்தா வக்கீல் | ஞாயிறு, மதியம் 2.40

முடியும். இரண்டு வாரம் ஒரு நாளும் தவறாமல் போடட்டும். பிறகு நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு அதே நீதிமன்றத்தில் மனு. வாரம் ஒரு நாள் என்று குறைத்துக் கேளுங்கள். பிள்ளையின் வயதையும் பஸ் மாறுவதையும் மனுவில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் நோட்டின் பக்கத்தை ஒவ்வொரு நாளும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நோட்டு காணாமல் போகும் வழக்கம் உண்டு.

---

செம்பருத்தி | ஞாயிறு, மாலை 6.12

திருத்த மனு கொடுத்துவிட்டேன். எழுத்தில் மறுக்கச் சொன்னேன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.